யாழ் போட்ட பாஸ்போர்ட்டும் ஐந்து நிமிஷ ஐரிஷும்

"அந்தக் குட்டி வர்த்தமானமே பறையாது. பாஸ்போர்ட் மட்டும் வாசிக்கும்."

எங்கள் ஆயுர்வேத வைத்தியசாலையின் டிரைவர் ஷாஜி, கேன்டீனில் யாரிடமோ, நான் வாய் திறந்து பேசவே மாட்டேன் என்று, தன் மலையாளத் தமிழில் இப்படிச் சொன்னது, கதவுக்கு இந்தப் பக்கம் டீக்கு நின்றுகொண்டிருந்த என் காதில் விழுந்தது. கோபப்பட ஒன்றுமில்லை. ரிசப்ஷன் வேலை என்பது நாள் முழுவதும் சிரித்துக்கொண்டே யாரோடும் பேசாமல் இருக்கிற வேலை. 'வெல்கம்', 'சைன் ஹியர்', 'டாக்டர் இஸ் வெயிட்டிங்' என்ற மூன்று வாக்கியங்களில் மூன்று வருஷம் ஓட்டிவிட்டேன். வாயைத் திறக்குமுன் மனசுக்குள் நாலு தடவை ஒத்திகை பார்த்து, ஐந்தாவது தடவைக்குள் எதிராளி எழுந்து போய்விடுகிற என் இனத்தவர்களே, இது உங்களுக்காக.

இப்படிப்பட்ட நான் ஐரிஷ் மொழி கற்கத் தொடங்கியதற்குக் காரணம், ஒரு விருந்தாளி அறையில் விட்டுப்போன பாடப்புத்தகம். தபாலில் அனுப்பவா என்று கேட்டு எழுதினேன். "நீயே வைத்துக்கொள், எனக்கும் அது புரிந்ததில்லை" என்று பதில் வந்தது. புரட்டிப் பார்த்தேன். அந்த மொழியில் 'ஹலோ' இல்லை. ஒருவர் 'கடவுள் உன்னோடு' என்பார். பதில் சொல்பவர் 'கடவுளும் மரியாளும் உன்னோடு' என்று ஒருவரைக் கூட்டிச் சொல்ல வேண்டும். மூன்றாவது ஆள் வந்தால் பேட்ரிக் என்ற புனிதரையும் சேர்த்துக்கொள்வார். எங்கள் ஊரில் கோயிலை ஒட்டிய ஸ்ரீவராகம் பகுதியில் வளர்ந்தவளுக்கு, ஆள் கூடக் கூட சாமியும் கூடுகிற இந்த ஏற்பாடு பிடித்துப்போனது.

ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். எழுத்தில் மோசமில்லை. ஆனால் மேல் வகுப்புக்குப் போக டீச்சர் நோரா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வகுப்புக்கு வெளியே, நேருக்கு நேர், ஐரிஷ் தெரிந்த ஒருவரோடு ஐந்து நிமிஷம் பேசியிருக்க வேண்டும். போன வருஷம் முடியாமல் அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்தேன். இந்த ஜூலைக்குள்ளும் முடியாவிட்டால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும். நோரா என்னைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னார்: "நீ கொடுத்துவைத்தவள், ரிசப்ஷனில் அல்லவா உட்கார்ந்திருக்கிறாய்!"

யாழ்

வெளிநாட்டுக்காரர் வந்தால் ஒரு நாளுக்குள் பாஸ்போர்ட் விவரங்களை அரசாங்கத்தின் ஃபார்ம் சி-யில் ஏற்ற வேண்டும். அது என் வேலை. அயர்லாந்து பாஸ்போர்ட்டின் அட்டையில் யாழ் மாதிரி ஒரு படம் இருக்கும். எனவே மேஜைமேல் வைக்கப்படும் ஒவ்வொரு பாஸ்போர்ட்டிலும் நான் முதலில் யாழைத் தேடுவேன்.

மே மாதம் ஒன்று வந்தது. கூடவே முதுகு வலியோடு ஆறடி ஆசாமி. மூச்சை இழுத்துப் பிடித்து, 'கடவுள் உன்னோடு' என்று ஐரிஷில் சொல்லியும்விட்டேன். மனிதர் போலீஸைக் கண்டவர்போல இரண்டு கைகளையும் தூக்கினார். முகம் சிவந்துபோயிற்று. நான் 'சாரி' என்றேன். அவரும் 'சாரி' என்றார். அப்புறம் ரகசியம்போல மேஜைமேல் குனிந்து சொன்னார்: "பதினாலு வருஷம் ஸ்கூலில் படித்தேன். பாத்ரூம் போக டீச்சரிடம் பெர்மிஷன் கேட்கிற ஒரு வாக்கியம்தான் மிச்சம். அதை வேண்டுமானால் சொல்லட்டுமா?"

வீட்டு மரியாதை

ஜூலையில், நல்ல மழையில், மோரீனும் அவர் கணவர் டாமும் இருபத்தொரு நாள் சிகிச்சைக்கு வந்தார்கள். மோரீனின் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் கால்வே என்றிருந்தது. வீடுகளில் இன்னமும் ஐரிஷ் பேசுகிற பக்கம் அது. அவசரத்தில் பாஸ்போர்ட்டை ஸ்கேனரில் கோணலாக வைத்துவிட்டேன்.

வணக்கத்தைச் சொன்னேன். மோரீனின் முகத்தில் சட்டென்று வெளிச்சம் வந்தது. வாய் திறந்தது. பிறகு பக்கத்தில் குடையை மடக்கிக்கொண்டிருந்த டாமைப் பார்த்தார். இங்கிலீஷில் "குட் மார்னிங், டியர்" என்றார். டாம் அவரைவிட்டு ஓரடி நகர்கிறவரில்லை. செருப்பு எடுத்துக்கொடுப்பது, குடை பிடிப்பது எல்லாம் அவர்தான். எனவே அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் இதே கதை. நாலாம் நாள் மோரீனே காரணம் சொன்னார். டாமுக்கு ஐரிஷ் தெரியாது. அந்த மொழி தெரியாத ஒருவர் அறையில் இருந்தால் அவர்கள் ஊரில் எல்லோரும் இங்கிலீஷுக்கு மாறிவிடுவார்களாம். எனக்கு இதை விளக்கவே தேவையில்லை. நானும் எங்கள் அக்கவுண்டன்ட் மாமாவும் தமிழில் பேசிக்கொண்டிருக்கும்போது ஷாஜி உள்ளே வந்தால், பாதி வாக்கியத்தில் மலையாளத்துக்குத் தாவிவிடுவோம். தலையாட்டினேன். மோரீன் கணவரின் கையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "கல்யாணம் ஆகி நாற்பது வருஷம். மரியாதைக்காக மாறினேன், திரும்பி வரவே இல்லை."

மழை நாட்டுக்காரர்

என் தேடல் எப்படியோ ஷாஜிக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் ஏர்போர்ட்டில் போர்டு பிடிப்பதோடு நிற்கவில்லை. வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு வெள்ளைக்காரரையும் "ஐரிஷ்? ஐரிஷ்?" என்று விசாரிக்கத் தொடங்கினார். ஜூலை முடிய ஒரு வாரம் இருந்தபோது, உயரமான ஒருவரைக் கையைப் பிடித்தே என் முன்னால் கூட்டிவந்து நிறுத்தினார். பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். யாழ் இல்லை. ஹாலந்துக்காரர். பாவம், இருபது மணி நேரப் பயணக் களைப்பில் எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றார்.

"ஷாஜி சேட்டா, இவர் வேறே நாடு" என்றேன் மெதுவாக.

ஷாஜி வெளியே கொட்டுகிற மழையைக் காட்டினார். "மோளே, அவரும் மழை பெய்யுற நாட்டுக்காரர்தானே? கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்து பேசு."

ஆதார் கார்டு

ஜூலையின் கடைசி நாள். நோராவுக்கு 'இந்த முறையும் முடியவில்லை' என்று கடிதம் அடித்து, அனுப்பாமல் வைத்திருந்தேன். ஆரியசாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வீட்டு அம்மாள் ஒருவர் முட்டி வலிக்கு வந்தார். துணைக்கு வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்த நர்ஸ் மகள் ஜெயா. உள்ளூர்க்காரர்களுக்கு ஆதார் கார்டு போதும். ஃபார்ம் சி கிடையாது. நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நம்பரை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார முடியாமல் முனகினார். மகள் அவரைத் தாங்கிப் பிடித்து, "கோ ரே, கோ ரே" என்றாள்.

மெதுவாக, மெதுவாக. பாடப்புத்தகத்தில் பத்தாம் பக்கம்.

பேனாவைக் கீழே போட்டுவிட்டேன். ஒத்திகை எதுவும் பார்க்காமல் கேட்டேன்: "அக்கா, உங்களுக்கு ஐரிஷ் தெரியுமா?"

ஜெயா அக்கா வெட்கப்பட்டார். "கால்வே பக்கம் வயசானவங்க ஹோம்ல வேலை. மறதி முத்தினா அவங்களுக்கு முதல்ல போறது இங்கிலீஷ்தான். அப்புறம் நிக்கிறது ஐரிஷ் மட்டும். நான் படிக்கல்லைன்னா, வலி எங்கேன்னு அவங்க யார்கிட்டே சொல்லுவாங்க?"

என் ஐந்து நிமிஷத்தைச் சொன்னேன். அவர் அம்மாவிடம் திரும்பி, "அம்மா, கொஞ்சம் சும்மா இரிங்க. இந்தக் குட்டிக்கு இன்னிக்குப் பரீட்சை" என்றார். அம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டே செல்போனில் மணி பார்க்கத் தொடங்கினார்.

ஜெயா அக்காவுக்குத் தெரிந்தது அத்தனையும் வார்டு ஐரிஷ். கஞ்சி குடித்தாயா, வாயைத் திற, இந்தப் பக்கம் திரும்பு, எங்கே வலி. எனக்குத் தெரிந்தது பாடப்புத்தக ஐரிஷ். மழை, வேலை, ஊர். எங்கே வலி என்று அவர் கேட்க, வலி இல்லை, பயம்தான் என்று நான் சொன்னேன். அந்த மொழியில் 'எனக்குப் பயம்' என்பதை 'என் மேல் பயம்' என்றுதான் சொல்ல வேண்டும்; வலியும் பயமும் நம் மேல் வந்து உட்காரும். அன்றைக்கு என் பயம் எழுந்து நடந்ததை நானே பார்த்தேன்.

"என்னடீ, ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏசுறீங்களா?" என்றார் அம்மாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆறு நிமிஷம் ஆச்சு. பாஸ். இனி என் முட்டியைப் பாருங்க."

சிரித்துக்கொண்டே திரும்பினேன். தலையில் எண்ணெய்த் துணி கட்டிய மோரீன் வராந்தாவில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. பக்கத்தில் டாம், கையில் குடையும் செருப்புமாக. மோரீன் ஒரு தடவை அவரைப் பார்த்தார். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எங்களுக்கு நடுவே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடவுளையும் மரியாளையும் பேட்ரிக்கையும் சேர்த்து எங்களுக்கு ஐரிஷில் வணக்கம் சொன்னார்.