குஞ்சுக்குச் சொட்டு, மகளுக்கு ஊசி

என் பேச்சை மீறி எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு ஊசி போட முடியாது.

பொய். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் மனைவி சுகாதார நிலையத்துக்குக் கிளம்பியபோது, பைக்கை ஸ்டார்ட் செய்தவனே நான்தான்.

அதற்கு முன்னால் ஒரு வாரம் முரண்டு பிடித்தேன் என்பது மட்டும் நிஜம். பல்லடம் பக்கம் கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். கம்பெனி குஞ்சும் மருந்தும் கொடுக்கும், நான் வளர்த்துக் கொடுப்பேன். பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பதைவிடக் கேட்பது சுலபம் என்று போனில் வரும் பேச்சையெல்லாம் கேட்பேன். அப்படி ஒரு குரல் சொன்னது, தட்டம்மை ஊசி போட்டால் குழந்தைக்குப் பேச்சு வராது என்று. யார், எந்த ஊர், தெரியாது. ஊசி இலவசம் என்றதும் சந்தேகப்பட்ட நான், அவன் பேச்சும் இலவசம்தான் என்பதை யோசிக்கவில்லை.

“ஏனுங்க, குஞ்சு வந்த வாரமே நோய் வராம இருக்கக் கண்ணுல சொட்டு மருந்து உடறீங்க. அதுக்குச் சந்தேகம் வரலீங்களா?” என்றாள் மனைவி.

“குஞ்சு பேசோணும்னு நான் எதிர்பாக்கறதில்ல அம்மணி. ஒண்ணரை மாசத்துல லாரி ஏறிருது. அப்புறம் அதுக்கு என்ன ஆகுதுன்னு ஆருக்குத் தெரியும்?”

“கொழம்பாகுது. கெளம்புங்க.”

அங்கே போயும் எனக்கு மனம் அடங்கவில்லை. ஐஸில் இல்லாத மருந்து வீண் என்பது பண்ணையில் கற்ற ஒரே பாடம். நர்சம்மாவின் மருந்துப் பெட்டிக்குள் ஐஸ் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தேன்.

“கைய எடுங்கண்ணா. வேணும்னா நீங்களும் உள்ள உக்காந்துக்கோங்க, சில்லுனு இருக்கும்.”

வரிசையே சிரித்தது. என் மனைவிதான் சத்தமாக.

ஊசி போட்ட மறுநாள் மகளுக்கு உடம்பு சுட்டது. ‘பாத்தியா’ என்று சொல்ல வாயெடுத்தவன், பயத்தில் போனைத்தான் எடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே டாக்டர் கம்பெனியின் கோழி டாக்டர். அவருக்கே போன் போட்டேன்.

“சார், மருந்து போட்ட மறுநாளே சோந்து படுத்திருக்குதுங்க.”

“எத்தனை?”

“ஒண்ணுதானுங்க.”

“ஒண்ணுதானே? தனியா எடுத்துப் போட்டுருங்க.”

“என்ற மகளுங்க சார்.”

“ஐயோ, அதைச் செய்யாதீங்க!” என்று பதறினார். பிறகு, நர்சம்மாவிடம் கேட்கச் சொன்னார். நர்சம்மாவோ, காய்ச்சல் வரலாம் என்று நேற்றே சொன்னதாகவும், அப்போது நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்.

காய்ச்சல் இறங்கியது. சந்தேகம் இறங்கவில்லை. மாதக்கணக்கில் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பேசினாள். முதல் சொல் ‘போ’. என்னைப் பார்த்துத்தான்.

இன்று இரண்டாவது ஊசி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, போனில் இதைப் பேசிப் பதிவுசெய்துகொண்டிருக்கிறேன். முதல் ஊசியில் ஒன்றுமில்லை, இரண்டாவதில்தான் விஷயமே இருக்கிறது என்று காலையில் வேறொரு குரல் வந்தது. அவன் சொல்வது என்னவென்றால்—

“ஏனுங்க! போனை வெச்சுப்போட்டு உள்ள வாங்க. புள்ள கையப் புடிச்சுக்கோணுமாம்!”

வாரேன், வாரேன்.