பீமராவின் வெள்ளைப் பிடிக் கத்தி

ரிடையர் ஆன கையோடு ஸ்ரீரங்கத்து பீமராவ் கத்தி சேர்க்க ஆரம்பித்தார். வெங்காயமே வாசப்படி தாண்டாத வீடு அது. பீரோவில் மட்டும் பதினொரு கத்திகள். "யாரை வெட்டப் போறீங்க?" என்று மனைவி ஜோதி கேட்காத நாளில்லை. ஆனாலும் பதினொன்றையும் பொறுத்துக்கொண்டார்.

பன்னிரண்டாவது கத்தியில்தான் வந்தது வினை. ஒருவர் கையாலேயே செய்து முடித்த, இன்னொன்று இல்லாத கத்தி. பிடி வெள்ளை வெளேரென்று மினுமினுத்தது. அது எதனால் ஆனது என்று விற்றவருக்கே தெரியவில்லை.

"எலும்பா இருந்தா, சாளக்கிராமம் இருக்கிற வீட்டுக்குள்ள வரப்படாது" என்று ஜோதி ஒரே போடாகப் போட்டார்.

ஒரு வாரம் கத்தி செருப்பு ஸ்டாண்டு மேல் கிடந்தது. பீமராவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் பாலக்கரையில் கத்திக்குப் பிடி போடும் பெலிண்டாவிடம் காட்டுவதென்று முடிவானது. தீர்ப்பைத் தன் காதாலேயே கேட்க ஜோதியும் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். சாணை பிடிக்கச் சமையல் கத்தியும் கூடவே வந்தது.

பெலிண்டா லென்ஸை வைத்துப் பார்த்தார். "எலும்புன்னா பொடிப்பொடியா கருப்புப் புள்ளி தெரியும் சார். ரத்தம் ஓடின துவாரம். இதுல இல்ல. அம்மா, நீங்களே பாருங்க."

ஜோதி கண்ணை இடுக்கினார். "ஏங்க, வேஷ்டி நெசவு மாதிரில்ல இருக்கு!"

"துணியேதாம்மா. அடுக்கடுக்கா வச்சு, பிசின் ஊத்தி இறுக்கினது. மைகார்ட்டான்னு சொல்லுவாங்க."

பீமராவுக்குப் போன உயிர் வந்தது. வந்த உயிர் உட்காரக்கூட இல்லை. பெலிண்டா பழக்கதோஷத்தில் சமையல் கத்தியின் கரிய பிடியையும் லென்ஸில் பார்த்துவிட்டார். பழுக்கக் காய்ச்சிய ஊசியை அதன் ஓரத்தில் வைத்தார். முடி பொசுங்கும் நாற்றம்.

"இதை என்னன்னு சொல்லிக் கொடுத்தாங்க சார்?"

"கருங்காலி. போன தீபாவளிக்கு நான்தான் இவளுக்குக் கொடுத்தேன்."

"எருமைக் கொம்பு சார்."

"கொம்பு எலும்பில்லையே!" என்று முந்திக்கொண்டார் பீமராவ்.

"இல்ல சார். நம்ம நகம் இருக்குல்ல, அந்த ஜாதி."

"நகமா!" ஜோதி எழுந்தே விட்டார். "ஆறு மாசமா நைவேத்யத்துக்கு இதுலதானே வாழைக்காய் நறுக்கினேன்!"

பீமராவ் தெருவில் போகும் ஆட்டோக்களை எண்ண ஆரம்பித்தார். ஜோதி வெள்ளைப் பிடிக் கத்தியைத் துடைத்துத் தன் பைக்குள் வைத்தார். "துணிதானே, ஒரு தோஷமும் இல்ல. இனிமே அடுக்களைக்கு இதுதான்."

"ஜோதி, அது பார்க்கிற கத்தி, நறுக்கிற கத்தி இல்ல..."

"வீட்டுக்குள்ள வரணும்னு ஆசைப்பட்டீங்களா இல்லையா?"

பெலிண்டா ஆறுதல் சொன்னார். "கவலைப்படாதீங்க சார். தினம் பத்துத் தடவை கழுவினாலும் இந்தப் பிடிக்கு ஒண்ணும் ஆகாது."

"அதாம்மா எனக்குக் கவலையே!" என்றார் பீமராவ்.