கூடவே வந்த டிராக்டர்

அந்தக் கல்லுளிமங்கனை எல்லாரும் மெஷின்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோதுமை அறுக்கும் பெரிய மெஷின் அவர் கையில். அறுத்த தானியத்தை வாங்கிக்கொள்ள டிராக்டர் ஓட்டி வருபவன் அவருடைய சொந்தத் தம்பி. இரண்டு பேருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சே கிடையாது. மெஷின்காரரின் மனைவிக்கு நெஞ்சுவலி வந்த அன்று, தம்பி வண்டி கொண்டுவரத் தாமதமாகிவிட்டது. சாவு வீட்டில் நாலு பேர் முன்னால், "நீதான்டா கொன்னே" என்று சொல்லிவிட்டார். அன்று போனவன்தான், என் வாசலையே மிதிக்கவில்லை என்று இன்றைக்கும் எல்லாரிடமும் புலம்புவார்.

வீட்டில் ஒற்றைத் தட்டு, ஒற்றை டம்ளர். சண்டை போடக்கூட ஆளில்லாமல் ரேடியோவைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவார்.

வயலில்தான் கொஞ்சம் ஆறுதல். மெஷினை நிறுத்தாமல், அதன் தொட்டியில் சேர்ந்த தானியத்தைக் கொட்ட வேண்டுமானால் டிராக்டர் பக்கத்திலேயே அதே வேகத்தில் வர வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் தானியம் மண்ணுக்குத்தான். வேகம் ஒத்துப்போய்விட்டால் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அசையாமல் உட்கார்ந்திருப்பான், நிலம்தான் கீழே ஓடும். ஒரே அறையில் அண்ணனும் தம்பியுமாக உட்கார்ந்திருப்பது போல இருக்கும் அவருக்கு. தொட்டி காலியாகும் வரைக்கும் அவர் தனியாள் இல்லை.

அன்று கடைசி வயல். தம்பி டவுனில் ஃபாக்டரி வேலைக்குப் போகிறான், சாயங்காலம் பஸ் என்று மெஷின் முதலாளி சொல்லித்தான் தெரிந்தது. எப்படியாவது அவனைப் போகவிடாமல் செய்ய வேண்டும்.

கடைசித் தொட்டியும் காலியாகிவிட்டது. உடனே விலகிவிடுகிற டிராக்டர் அன்று விலகவில்லை, சும்மாவே கூட வந்தது. அவர் கண்ணாடியைத் தள்ளி என்னவோ கத்தினார். இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. நிறுத்தினால்தான் பேச முடியும் என்று பிரேக்கை மிதித்தார்.

டிராக்டர் விருட்டென்று முன்னால் பாய்ந்தது. பார், போகிறான் என்று மனசு பழைய பாட்டைத் தொடங்கியது. அப்போதுதான் சுருக்கென்று உறைத்தது. தம்பி வேகத்தைக் கூட்டவே இல்லை, வந்த வேகத்திலேயேதான் போய்க்கொண்டிருந்தான். நின்றது இவர். சாவுக்குப் பிறகு எத்தனை தடவை அவன் வாசலில் வந்து நின்றான்! கதவைத் திறக்காதவரும் இவர்தான். அவமானத்தில் உடம்பு கூசியது.

மெஷினை அணைத்துவிட்டு, வயல் ஓரத்தில் நின்ற டிராக்டரை நோக்கி ஓடினார்.

"நீ போகலடா. நான்தான் நின்னுட்டேன்," என்றார் மூச்சிரைக்க. "அவ செத்ததுல உன் தப்பு ஒண்ணுமில்ல."

தம்பிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா எங்கயும் போயிருக்க மாட்டேண்ணே. இப்ப அங்க வீடு பாத்தாச்சு. புள்ளைய ஸ்கூல்ல சேத்தாச்சு."

டிராக்டர் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு ரோட்டை நோக்கி நடந்தான். அவன் நடைக்கு ஈடுகொடுத்து அவரும் பக்கத்திலேயே நடந்தார். பஸ் வந்தது, அவன் ஏறிக்கொண்டான். பஸ் கிளம்பியதும் நாலடி கூடவே ஓடிப் பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை.