தரையில் விரித்த படுக்கை

நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு கிழவர் என் கண் முன்னால் கட்டிலிலிருந்து விழுந்தார். புதுக்கோட்டைச் சீமையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி அது. இப்போது அந்தக் கட்டடமே இல்லை. அங்கே இருந்த இரும்புக் கட்டில்கள் என் இடுப்பு உயரம். காலமெல்லாம் பாயில் படுத்து உருண்டவர்களைக் கொண்டுவந்து அதன்மேல் ஏற்றி, அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவோம். பெட்பேன் என்றால் அவர்களுக்கு உயிர் போகிற கூச்சம். ஒரு பெண்பிள்ளை கையில் அதை எடுக்க விடுவதா என்று, நாங்கள் அசந்த நேரம் பார்த்து இறங்கி வெளியே போகப் பார்ப்பார்கள். கால் தரைக்கு எட்டாது. அந்தக் கிழவரும் அப்படி இறங்கியவர்தான். இடுப்பெலும்பு முறிந்தது, அதற்குப் பிறகு அவர் எழுந்து உட்காரவேயில்லை. அவரை மாட்டு வண்டியில் படுக்க வைத்து அனுப்பிய அன்று, இனி என் வார்டில் ஒருவரும் விழக்கூடாது என்று முடிவு செய்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. முடிவு செய்துவிட்டால் நடந்துவிடும் என்று நம்புகிற வயது.

அன்று முதல் நான் வார்டுக்கு ஒரு போலீஸ்காரியாகிவிட்டேன். தரையில் தண்ணீர் சிந்தினால் கத்துவேன். கட்டில் ஓரமாகப் படுத்தால் கத்துவேன். மூக்குக்கு மேல் கோபம் வரும் எனக்கு. ஆனாலும் கிழவர்கள் என்னைக் கண்டு பயந்ததாக ஞாபகம் இல்லை.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒரு நாள், நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து ஒரு குடியானவர் கண் ஆபரேஷனுக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர். இடது கண் சின்ன வயதிலேயே முள் குத்திப் போய்விட்டது. மிச்சம் இருந்த வலது கண்ணில் புரை. அந்த ஒரு கண்ணை நம்பித்தான் வந்திருந்தார். கூட வந்த மகன், ஆபரேஷன் முடிந்ததும், கடலை பிடுங்குகிற நேரம் என்று ஊருக்குப் போய்விட்டான்.

புரை எடுத்தால் அப்போதெல்லாம் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டி, தலைக்கு இரு பக்கமும் மணல் பை வைத்து, பத்து நாள் மல்லாக்கப் படுக்கப் போடுவோம். இருமக்கூடாது, தும்மக்கூடாது. விழுந்தால் புண் பிளந்து கண் போய்விடும். இவரோ இரண்டாம் நாளே கட்டில் விளிம்புக்கு நகர்ந்துவிட்டார். மூன்றாம் நாள் ஒரு காலைத் தொங்கப் போட்டுவிட்டார். ஓடிப் போய்ப் பிடித்தேன்.

“ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன் ஆத்தா, நீ ஒன் வேலையப் பாரு” என்றார்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. “கட்டு அவுத்ததும் மொதல்ல ஒன் மொகத்தத்தான் பாக்கணும். இந்தக் கோவக்காரி எப்புடி இருப்பான்னு பாத்துட்டுத்தான் ஊருக்குப் போவேன்” என்றார்.

நாலாம் நாள் காலையில் எனக்கு அந்த யோசனை வந்தது. கட்டில் இருந்தால்தானே விழுவார்? மெத்தையைத் தரையில் விரித்துவிட்டால் எங்கே விழுவார்? டாக்டரிடம் கேட்டேன். நல்ல யோசனை, செய்யுங்கள் என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே வார்டு ஆளைக் கூப்பிட்டேன். அவர் என் அப்பா வயதுக்காரர்.

“கீழேயாம்மா படுக்கப் போடணும்?” என்று தயங்கினார்.

“ஆமா, கீழதான். தோளப் பிடிங்க” என்று அவர் மீதும் ஒரு பாய்ச்சல் பாய்ந்தேன்.

தூக்கும்போது கிழவர், “எங்கிட்டு ஆத்தா தூக்குறீங்க?” என்றார்.

“கீழ எறக்குறோம் தாத்தா. இனிமே ஒரு பயமும் இல்ல.”

அவர் கை மெத்தையைத் தாண்டிப் போய் சிமெண்டுத் தரையைத் தடவிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கிழவர், “மகனுக்குச் சொல்லிவிட்டாச்சா?” என்று கேட்டார். மகனைத் தேடுகிறார் என்று நினைத்தேன். யாரும் யாருக்கும் சொல்லிவிடவில்லை. ஆறுதலாக இருக்கட்டும் என்று, “சொல்லிவிட்டாச்சு தாத்தா, வந்துருவாங்க” என்று ஒரு பொய் சொன்னேன். கஞ்சி கொடுத்தால் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். வெறும் வயிற்றோடு எப்படி விடுவது? பாலைக் காய்ச்சி ஆற்றி, ஸ்பூனால் வாயில் ஊற்றினேன். மூன்று வாய் விழுங்கினார். கட்டுக்கு அடியில் ஈரம் கசிந்தது. அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று அதற்கும் ஒரு அதட்டல் போட்டேன்.

கீழே இறக்கியாச்சு, மகனுக்குச் சொல்லிவிட்டாச்சு, பால் ஊற்றியாச்சு. சாகக் கிடப்பவருக்குச் செய்கிற மூன்றையும் வரிசை தவறாமல் செய்திருந்தேன். எங்கள் கிறிஸ்தவ வீட்டில் உயிர் பிரியப் போகிறவரைத் தரைக்கு இறக்கும் வழக்கம் இல்லை. ஆனால் அதைச் சாக்காகச் சொன்னால் இன்னொரு பொய்யாகிவிடும். அடுத்த தெரு முழுக்க அந்த வழக்கம்தான். ‘இறக்கிப் போட்டாச்சாம்’ என்று யாராவது வந்து சொன்னால், அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வெள்ளைத் தொப்பியைத் தலையில் வைத்ததும் அதெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். வார்டின் மறு கோடியில் ஒருவருக்குப் புண் கட்டிக்கொண்டிருந்தேன். தொப்பென்று சத்தம் கேட்டது. கிழவர் எழுந்து, தடவித் தடவித் தன் காலிக் கட்டிலைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்த உயரத்தில் ஏறியும் விட்டிருக்கிறார். ஏறியவர் அந்தப் பக்கமாக உருண்டு விழுந்துவிட்டார். கண்ணில் கட்டியிருந்த துணியில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு ஒண்ணும் இல்ல ஆத்தா. நான் நல்லாத்தான் இருக்கேன். மேல ஏத்தி விட்டுரு” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடி வந்த வார்டு ஆளை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கிழவரின் காலைத் தூக்கினார்.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார். எலும்பு எதுவும் முறியவில்லை. கண் போய்விட்டது. கேஸ் தாளில் ‘கட்டிலிலிருந்து விழுந்தார்’ என்று எழுதினார்கள். தரையில் படுக்கப் போட்டவர் கட்டிலிலிருந்து எப்படி விழுந்தார் என்று யாரும் கேட்கவில்லை. மறுவாரத்திலிருந்து கண் ஆபரேஷன்காரர்களின் கைகளைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டச் சொன்னார் டாக்டர். நானே கட்டினேன். அதற்கப்புறம் என் வார்டில் யாரும் விழவில்லை. நான் எதை விரும்பினேனோ அது நடந்துவிட்டது. எனக்கு அந்த வார்டுக்குள் நுழையவே அருவருப்பாக இருந்தது.

புண் ஆறியதும் மகன், பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரிப் புகையில் ஓடிய பஸ்ஸில் வந்து சேர்ந்தான். கிளம்புகிற காலையில் நான் கிழவரின் அருகில் போய் நின்றேன். இரண்டு வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

“தாத்தா, அன்னைக்கு நீங்க சாகப் போறீங்கன்னு எறக்கல. கட்டில்ல இருந்து விழுந்துறக் கூடாதுன்னுதான் எறக்குனேன்.”

என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். கோபம் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அத அன்னைக்கே சொல்லிருக்கலாமே ஆத்தா” என்றார். “அசையாமக் கெடந்திருப்பேனே.”

மகன் ஒரு கம்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். மறு நுனியைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் போனார். வாசலுக்குப் போனதும் மகன் நின்று, “மூணு படி இருக்குப்பா” என்றான். மூன்று படியையும் அவர் விழாமல் இறங்கினார்.