தலைக்கு ஒரு குடம்

லூர்துமேரி அக்கா இறந்த செய்தி எனக்குத் தெரிந்த விதத்தை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. பெண்ணாடத்தில் மகளைப் பார்த்துவிட்டுக் காலை பஸ்ஸில் வந்து இறங்கினேன். தெருமுனையில் தண்ணீர் லாரி நின்றது. வீடு பூட்டியிருந்தது, மனைவியைக் காணோம். வாசலில் கிடந்த குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினால், என் இடத்தில் பக்கத்து வீட்டுக் கோவிந்தனின் குடம். கத்தினேன். அவன் வழக்கத்துக்கு மாறாக எதிர்த்துப் பேசவில்லை. ஜெயித்துவிட்ட தைரியத்தில், "மேரி அக்காவக் கூப்புடுங்க, அவங்களே வந்து சொல்லட்டும்!" என்றேன்.

"அண்ணே," என்றான் கோவிந்தன் மெதுவாக. "அக்கா விடியக்காலையில தவறிட்டாங்க. தண்ணியப் புடிச்சி வச்சிட்டு எல்லாரும் அங்கதான் போறோம். அண்ணியும் அங்கதான் இருக்காங்க."

தூக்கிய குடத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

செராமிக் பட்டறையில் நான் சூளைக்கு அடுக்குகிறவன். அக்கா கோப்பைகளில் பூ வரைகிறவர். நான் உடைத்ததெல்லாம் அவர் வரைந்ததுதான். "தம்பி, சூளைக்கு அடுக்குறியா, குப்பைக்கு அடுக்குறியா?" என்பார். கோபத்தை ஒருநாளும் அந்தக் குரலில் நான் கேட்டதில்லை.

குழாய் வறண்டு லாரி வரத் தொடங்கிய கோடையில், வீட்டுக்கு இத்தனை குடம் என்று பிரித்தோம். தினமும் அடிதடி. தலைக்கு ஒரு குடம் என்று மாற்றியவர், வரிசையை ஒழுங்குபடுத்திவந்த அக்காதான். "வூடா தண்ணி குடிக்குது? ஆளுதான குடிக்குது!" என்றார். பட்டறை முதலாளி ஒருமுறை மண் குழைக்க அந்த லாரியில் பங்கு கேட்டார். "மண்ணு நாளைக்குக் குடிக்கலாங்க, மனுசன் முடியாதுங்க" என்று சொல்லிவிட்டார். அன்று எங்கள் யாருக்கும் வேலையில்லை. அவருக்கும்தான்.

என் மகள் செல்வி பிரசவத்துக்கு வந்திருந்ததும் அந்தக் கோடையில்தான். பச்சை உடம்புக்காரிக்கு வெந்நீர் ஊற்றவே எங்கள் பங்கு போய்விடும். நான் குளித்து நாளாகியிருந்ததை வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் நன்றாக அறிவார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்துக் குடம் வைத்தபோது கோவிந்தன் மறித்தான்.

"கட்டிக்குடுத்த பொண்ணுக்குப் பெண்ணாடத்துல பங்கு இருக்குது. இங்க எதுக்கு?"

எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"பொண்ணு இப்ப எங்க இருக்குது கோவிந்தா?" என்றார் அக்கா.

"இங்கதான்."

"அப்ப தாகமும் இங்கதான எடுக்கும்?"

"சரிக்கா. கொழந்த பாலுதான குடிக்குது?"

"பீத்துணியயும் பாலுலயா அலசுவாங்க? இல்ல, நீ வந்து அலசித் தரியா?"

வரிசையே சிரித்தது. கோவிந்தனும் சிரித்துவிட்டு, தன் குடத்தை நகர்த்தி எனக்கு வழிவிட்டான்.

ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்ற அந்தக் கேள்வியைத்தான் அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறேன். வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலை இப்போது என்னுடையது. "இவ்ளோ சத்தம் வேற யாருக்கு இருக்குது?" என்பது கோவிந்தனின் சிபாரிசு. அந்தக் கேள்வியைக் கேட்டால் பாதிச் சண்டை நின்றுவிடுகிறது.

அடக்கம் முடிந்தபின் வந்த முதல் லாரியில், அக்காவின் மகன் நான் கேட்குமுன்பே சொன்னான்: "மாமா, எங்க வூட்டுல ஒரு ஆளு கொறஞ்சிட்டாங்க." சொல்லிக்கொண்டே ஒரு குடத்தை வரிசையிலிருந்து எடுத்தான்.

"சரிப்பா" என்றேன். அடுத்த வீட்டைக் கூப்பிட்டேன். 'இன்னிக்கு ஒருநாள் அந்தக் குடம் இருக்கட்டும்பா' என்று தொண்டைவரை வந்ததைச் சொல்லவில்லை.