கவிழ்ந்த பானையும் தூங்கும் அம்மாவும்

படத்துக்குக் கண்ணாடி போடுகிறவன் அதில் இருப்பவர் நல்லவரா கெட்டவரா என்று பார்க்கக் கூடாது. சட்டம் கோணாமல் இருந்தால் போதும். குன்னூரில் கடை வைத்திருந்த காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விற்காத சரக்கைத் தினமும் தூசி தட்டி மாட்டிய அனுபவசாலிகளே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

வாசலில் மாட்டிய வினை

கிளென்மார்கன் எஸ்டேட் பக்கம் ஒரு துரை பங்களாவைக் காலி செய்துவிட்டுச் சீமைக்குப் போனபோது, பழைய சாமான்களோடு ஒரு படமும் வாங்கி வந்தேன். ஹாலந்து ஓவியர் யாரோ வரைந்ததன் அச்சு. ராஜா இல்லை, சாமி இல்லை. ஒரு வீடு, அவ்வளவுதான். அம்மா நாற்காலியில் தூங்குகிறாள். பானை கவிழ்ந்து கிடக்கிறது. நாய் மேசைமேல் ஏறி இறைச்சி தின்கிறது. அப்பா கோப்பையும் கையுமாகச் சிரிக்க, பிள்ளை அவர் பைக்குள் கைவிடுகிறான். எனக்கு ஒரே சிரிப்பு. புதுச் சட்டம் போட்டுக் கடை வாசலிலேயே மாட்டினேன்.

கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. நான்கு பிள்ளைகள்; பானை கவிழாத நாளே கிடையாது. என் மனைவி சரோஜா வந்து பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "ஏனுங்க, நம்ம ஊட்டு மானத்த இப்படிக் கடை வாசல்ல தொங்க உட்டிருக்கறீங்களே! இது போற வரைக்கும் நான் உங்ககூடப் பேசமாட்டனுங்க."

கல்யாணப் பரிசு

அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்கு வர வேண்டிய சேதியெல்லாம் பிள்ளைகள் வழியாக வந்தது. படத்தை எப்படியாவது தள்ளிவிட வேண்டுமே என்று தவித்தேன். கோத்தகிரி மளிகைக்கடைக்காரர் ஒருவர் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பரிசு தேடி வந்தார். பார்த்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் காகிதத்தில் சுற்றவே ஆரம்பித்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாமுங்க. வரப்போறத இப்பவே காட்டிப்போட்டா மாப்பிள்ளை தாலி கட்டாம ஓடிப்போயிருவாருங்க."

வெள்ளிக்கிழமைப் பொட்டு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையிலுள்ள சாமி படங்களுக்கெல்லாம் பொட்டு வைப்பது என் வழக்கம். அன்று மூடுபனி இறங்கி, கரண்டும் போய்விட்டது. வரிசையாக வைத்துக்கொண்டே போனதில் கோப்பைக்காரருக்கும் குங்குமம் விழுந்துவிட்டது. மறுநாள் வந்த ஆபீஸ் கிளார்க் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் நன்றாக நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க, இந்தச் சாமிக்குப் படையல் சுருட்டுங்களா, சாராயமுங்களா?" உள்ளே சரோஜா சிரிப்பை அடக்குவது கேட்டது. ஆனாலும் பேசவில்லை.

சேரம்பாடிக்காரர்

கடைசியில் வந்தார் முத்தையா. சிலோனிலிருந்து மனைவியோடு திரும்பி, சேரம்பாடி எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தவர். கல்யாணமான பிள்ளைகள் சிலோனிலேயே தங்கிவிட்டார்கள். முருகன் படம் வாங்க வந்தவர் இந்தப் படத்தின் முன்னாலேயே நின்றுவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. "இது ஒழுங்கில்லாத ஊடுங்க. உங்களுக்கு எதுக்குங்க?" என்றேன். அவர் கவிழ்ந்த பானையை விரலால் தொட்டார். "எங்க எஸ்டேட்டு லயத்துல, அந்த ஒத்த ரூமு காம்பராவுல வச்ச சாமான் வச்ச எடத்துலயே கெடக்குதுங்க ஐயா. தட்டிவிடப் புள்ளைங்க இல்ல. பொண்டாட்டி வாயே தொறக்க மாட்டேங்குறா. இதப் பாத்தாவது ரெண்டு வார்த்தை ஏசட்டும்."

நான் படத்தை ஆணியிலிருந்து கழற்றினேன். கதவோரம் கேட்டுக்கொண்டிருந்த சரோஜா வெளியே வந்தாள். "ஏனுங்க, பஸ்ல போறப்ப கண்ணாடி உடையாம நல்லாச் சுத்திக் குடுங்க" என்றாள், என்னைப் பார்த்து.

ஸ்டூடியோவில் தலைவாரி, பவுடர் பூசி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற குடும்பங்களுக்குத்தான் காலமெல்லாம் சட்டம் போட்டேன். மூச்சு விடுகிற குடும்பத்துக்குப் போட்டது அந்த ஒரு தடவைதான்.