அழுகைப் பாட்டின் வேகம்

காயில்காரர் ரெக்கார்ட் பிளேயரின் முள்ளை இறக்கிவிட்டு உட்கார்ந்ததே கிடையாது. இசைத்தட்டு சுழல ஆரம்பித்தால் அவரும் அறையைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார். ஜன்னல் வரை ஒரு நடை, அலமாரி வரை ஒரு நடை, நடுவில் பிளேயரின் மரப்பெட்டி மேல் உள்ளங்கையை வைத்து மோட்டார் சூடு பார்த்தல்.

வயது எழுபத்தெட்டு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். இன்றைக்கும் பாதி ஊரின் எரிந்துபோன மோட்டார்கள் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்ட அவர் பட்டறைக்குத்தான் வருகின்றன. பட்டம் வாங்கிய இன்ஜினியர்கள் வாசலில் நிற்கிறார்கள். கேட்டால், "அவங்க படிச்சதை நான் தொட்டே கத்துக்கிட்டேன்" என்பார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

பத்தொன்பது வயதில் அவர் செய்த முதல் இயந்திரம் அந்த பிளேயர். உடைந்த மின்விசிறியின் மோட்டார், தையல் மெஷின் பெல்ட், மோட்டார் முனையில் மாட்டித் தட்டின் வேகத்தை நிர்ணயிக்க, தன் கையால் கடைந்த பித்தளைப் புல்லி. அதைப் பார்த்த பிறகுதான் அன்றைய பட்டறை முதலாளி அவர் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டு காயில் மேசையில் உட்கார வைத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் புல்லியைக் காட்டாமல் அனுப்புவதில்லை.

அலமாரியில் அறுபதுகளின் ஆங்கில பாப் சிங்கிள்கள், பக்கத்துக்கு ஒரே பாட்டுள்ள சின்னத் தட்டுகள், நூற்றுப்பத்து. உறையில் இருக்கும் எழுத்து அவருக்குப் பிடிபடாது. அதனால் அவரே பெயர் வைத்திருக்கிறார்: படிக்கட்டுப் பாட்டு, மழைக்கோட்டுப் பாட்டு, கோபக்காரன். எல்லாவற்றுக்கும் மேலே அழுகைப் பாட்டு. ஒருவன் தொண்டை கனக்க, இழுத்து இழுத்துப் பாடுவது. "இவனை மாதிரி ஏமாந்தவன் உலகத்துலயே இல்லை" என்று, தானே பக்கத்தில் நின்று பார்த்தது போல வருத்தப்படுவார்.

மனைவியின் அண்ணன், ஓய்வு பெற்ற தபால்காரர், இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அது ஆட்டப் பாட்டு, பாடுவது பெண் என்பது அவர் கட்சி. ரேடியோவிலும் அப்படித்தானே வருகிறது என்று மடக்கினால், ரேடியோக்காரனுக்குச் செய்திக்கு நேரமாகிவிடுகிறது, விரட்டி ஓட்டுகிறான் என்று காயில்காரர் வாயை அடைத்துவிடுவார். ஐம்பது வருஷமாக இதே வழக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தபால்காரர், மகள் வாங்கித் தந்த புது பிளேயரோடு வந்து இறங்கினார்.

"மாப்பிள்ளை, இது கம்பெனி மெஷின். இதுலயும் உங்க ஆள் அழுதான்னா நான் இனிமே வாயே திறக்கலை. ஆட்டம் வந்துச்சுன்னா, அந்தப் புல்லி தப்புன்னு உங்க வாயால சொல்லணும்."

"வைங்க மச்சான், பார்த்துடலாம்" என்று காயில்காரரே தட்டை எடுத்துப் போட்டார்.

ஒரு பெண் துள்ளிக்கொண்டு பாடினாள். அழுகை மருந்துக்கும் இல்லை.

காயில்காரர் ஜன்னலுக்குப் போனார், அலமாரிக்கு வந்தார், திரும்ப ஜன்னலுக்குப் போனார். பிறகு தன் பிளேயரைக் கவிழ்த்து, புல்லியைக் கழற்றி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினார். அந்த விரல்களுக்கு அளவுகோல் தேவையில்லை.

"அரை நூல் சிறுசு" என்றார். "மெதுவாத்தான் ஓடியிருக்கு. என் கைதான் தப்பு."

ஜெயித்த தபால்காரருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. காயில்காரர் மனைவியிடம் திரும்பினார். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் வீட்டில் இதைக் கேட்டதே இல்லையா என்றார்.

"கேக்காம என்ன? எங்க வீட்டுல இதுக்கு ஆடியிருக்கேன்."

"அப்ப ஏன் சொல்லலை?"

அவள் உறையின் தூசியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஆடினப்போ எனக்கு ஒண்ணும் தோணலை. இங்க வந்து உங்க மெஷின்ல கேட்டப்புறந்தான் அழுதேன்."

காயில்காரர் புது பிளேயர் பக்கம் திரும்பினார். முள்ளைத் தூக்கி மறுபடியும் முதலில் வைத்தார். பெண் பாடத் தொடங்கியதும் ஆள்காட்டி விரலைத் தட்டின் விளிம்பில் மெல்ல அழுத்தினார். குரல் இறங்கியது, கனத்தது, அவனாகியது.

"மோட்டார் சூடாயிடும் மாப்பிள்ளை" என்றார் தபால்காரர்.

காயில்காரர் காலால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரலை எடுக்கவில்லை.